காட்டுக்கும் காவல் முகாமுக்கும் இடையே

மாணவர்களே, 1942 ஏப்ரலில் ஜப்பானியர் படையெடுப்பர் என்ற அச்சத்தால் சென்னை மக்களில் பெரும்பகுதியினர் நகரை விட்டு அகன்றனர். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வீடுகள் பூட்டிக் கிடந்தன. படையெடுப்போ வரவில்லை. ஆனால் தமிழர் பல்லாயிரவர் பிழைக்கச் சென்றிருந்த மலாயாவில் அது வந்தது. மூன்றரை ஆண்டுகள் நிலைத்தும் நின்றது.

1941 டிசம்பர் 8-இல் கோத்தபாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரைக் கைக்கொண்டது. அதனை எதிர்த்துக் காட்டுக்குள் புகுந்து போரிட்டது, மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை. கம்யூனிஸ்டுக் கட்சி நடத்திய அப்படையில் பெரும்பாலோர் சீனர்.

கொரில்லாப் போர் என்பது யாது? சிறுபடை பெரும்படையின் முன் நேர்நில்லாது, மறைந்திருந்து தாக்கி விலகுவது. காடு மறைவிடம் தரும், சோறு தராது. அரிசியும் மருந்தும் உளவுச் செய்தியும் காட்டோரக் குடிகளே தரவேண்டும். பகைவனும் இதனை அறிவான். காட்டில் போர்வீரனைப் பிடிப்பது அரிது. ஊரில் உழவனைப் பிடிப்பது எளிது. ஆகவே தண்டனை ஊரின்மேல் விழுந்தது. உதவ மறுத்தாலோ, காட்டிக்கொடுப்பவன் என்ற ஐயம் எழும். அந்த ஐயமும் உயிர்களைக் குடித்தது.

பேராக் மாநிலத்துப் பப்பான் என்னும் சிற்றூரில் மருத்துவப் பணி புரிந்தவர் சிபில் கார்த்திகேசு. இலங்கைத் தமிழ் மரபினரான மருத்துவர் ஒருவரின் துணைவியார். காயமுற்ற கொரில்லாக்களுக்கு மறைவாக மருந்திட்டார். தடைசெய்யப்பட்ட வானொலிச் செய்திகளை ஒளித்துக் கேட்டுப் பிறர்க்கு உரைத்தார். 1943-இல் சிறைப்பட்டுக் கொடிய சித்திரவதைக்கு ஆளானார். இளமகளை நெருப்பின்மேல் தொங்கவிட்டு மிரட்டியபோதும் எவரையும் காட்டிக்கொடுத்தாரல்லர். போர் முடிந்தபின் ஜார்ஜ் பதக்கம் அவரைத் தேடி வந்தது. ஆயினும் உடல் தேறாமல் 1948-இல் மறைந்தார்.

தோட்டத் தமிழர் பலருக்கோ வேறொரு துன்பம். சயாம்-பர்மா எல்லையில் 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைக்க அவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர், ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை.

1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. பிரிட்டிஷார் மீளும்வரை பல ஊர்கள் கொரில்லாக்கள் வசமாயின. பகைவர்க்குத் துணைநின்றோர் என்று பலர் தண்டிக்கப்பட்டனர். முறையான விசாரணையில்லாத நீதி பழிவாங்கலாக மாறுவது எளிது. சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே குருதி சிந்திய கலவரங்களும் மூண்டன. 1948-இல் அக்கட்சி பிரிட்டிஷாரை எதிர்த்துப் போர் தொடங்கியபோதும் பாரம் குடிகள்மேலேயே ஏறியது. காட்டுக்குச் சோறு செல்லாதிருக்க, சுமார் 5 இலட்சம் பேர் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். 1960 வரை அந்நெருக்கடி நீடித்தது.

அன்னியரை எதிர்த்தவர்களின் வீரம் மெய்யே. அவ்வீரத்துக்கு உலையேற்றியவர்கள் ஆயுதமற்ற எளியோர் என்பதும் மெய்யே. போர் வரலாற்றைப் படிக்கையில், வென்றவர் யார் என்று கேட்பதோடு நில்லாதீர்கள். அவருக்குச் சோறிட்டவர் யார், அதற்காக அடிபட்டவர் யார் என்றும் கேளுங்கள்.