டெக்குக்கு அடியில் குனிந்து பாருங்கள்

ஏப்ரல் கடைசியில் பனி முழுவதும் கரைந்ததும் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பின்வளவுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. மாதக்கணக்கில் பனிக்கு அடியில் கிடந்த டெக் சாம்பல் பூத்து, நிழல் விழும் மூலையில் பாசி பிடித்து நிற்கிறது. வெயில் ஏறிய முதல் சனிக்கிழமையே கடைக்குப் போய் ஒரு வாளி ஸ்டெயின் வாங்கிவந்து பூசிவிடுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. இரண்டு கோடையில் அது உரிகிறது, மறுபடியும் பூச்சு. மேலே இவ்வளவு காசையும் உழைப்பையும் கொட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்த டெக்குக்கு அடியில் ஒருமுறையாவது குனிந்து பார்த்திருக்கிறார்கள்? டெக்கின் ஆயுளையும் அதன்மேல் நிற்கிறவர்களின் உயிரையும் தீர்மானிப்பது அந்த அடிப்பகுதிதான்.

சாம்பல் நிறத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தின் மேற்பரப்பிலுள்ள லிக்னினைச் சிதைக்கிறது. மழை அதைக் கழுவிக்கொண்டு போக, மிஞ்சும் நார் சாம்பலாகத் தெரிகிறது. உள்ளே மரம் நன்றாகவே இருக்கும். உக்கல் வேறு. மரத்தைத் தின்னும் பூஞ்சணத்துக்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதனால் வளர முடியாது. மழையில் நனைந்து மறுநாள் காற்றில் காய்ந்துவிடும் பலகை பல ஆண்டு நிற்கும். நனைந்தது காய வழியில்லாத இடத்தில்தான் உக்கல் தொடங்குகிறது: குப்பை அடைத்த இடுக்கு, பூச்சாடியின் அடி, படிக்கட்டு மண்ணைத் தொடும் இடம், எல்லாவற்றுக்கும் மேலாக டெக் வீட்டுச் சுவரோடு சேரும் இடம்.

சுவரோடு பொருத்திய அந்த நீளப் பலகைக்கு லெட்ஜர் என்று பெயர். டெக்கின் பாரத்தில் பெரும்பங்கை அதுதான் வீட்டுக்குக் கடத்துகிறது. அதற்கு மேலே, தண்ணீரைச் சுவருக்குள் போகவிடாமல் வெளியே வழித்துவிட ஒரு தகடு இருக்கவேண்டும். அதைப் ஃபிளாஷிங் என்பார்கள். தகடு இல்லாவிட்டால், அல்லது பிழையாக மடித்திருந்தால், ஒவ்வொரு மழையும் லெட்ஜருக்கும் சுவருக்கும் நடுவே இறங்கி அங்கேயே தங்கும். மேலே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. 2015 ஜூன் 16 அதிகாலை கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பால்கனி, பிறந்தநாள் கொண்டாட்டத்தின் நடுவே முறிந்தது. ஆறு இளைஞர்கள் இறந்தார்கள். அவர்களில் ஐவர் அயர்லாந்திலிருந்து கோடை விடுமுறைக்கு வந்த மாணவர்கள். கட்டடம் பத்தாண்டுகூடப் பழையதல்ல. சுவரிலிருந்து நீண்ட மரச் சட்டங்கள் உள்ளே புகுந்த நீரால் உக்கிப்போயிருந்தன. அடுக்குமாடிகளின் மரப் பால்கனிகளைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதிக்கவேண்டும் என்று 2018இல் கலிபோர்னியா சட்டமே இயற்றியது. நம் பின்வளவில் அந்தச் சோதனையைச் செய்ய வேறு எவரும் வரப்போவதில்லை. வீட்டுக்காரர்தான் செய்யவேண்டும்.

அதற்கு ஒரு டோர்ச்சும் ஒரு திருப்புளியும் போதும். லெட்ஜரிலும், தூண்கள் நிலத்தைத் தொடும் இடத்திலும், சட்டங்களின் நுனிகளிலும் திருப்புளியை அழுத்திக் குத்துங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். உக்கிய மரத்தில் அது சிரமமில்லாமல் இறங்கும். ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் இறங்கினால் அந்தத் துண்டு மாற்றப்படவேண்டியது, பூசப்படவேண்டியது அல்ல. லெட்ஜர் வெறும் ஆணிகளால் மட்டும் அறையப்பட்டிருந்தால் உக்கல் இல்லாவிட்டாலும் ஆபத்துத்தான். ஆணி காலப்போக்கில் பிடுங்கிக்கொண்டு வரும். அங்கே போல்ட் வேண்டும். கைப்பிடிக் கிராதியைப் பிடித்து முழுப்பலத்தோடு ஆட்டிப் பாருங்கள். பிள்ளைகள் சாய்வது அதில்தான்.

மருந்து ஏற்றிய பச்சைப் பலகைக்கு உக்கல் வராது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. அந்த மருந்து பலகையின் நடுவரை போவதில்லை. வாளால் அறுத்த நுனியில் மருந்தேறாத மரம் வெளியே வந்துவிடுகிறது. அறுத்த முகத்துக்குச் செம்பு கலந்த காப்பு மருந்து தடவாமல் விட்டிருந்தால் முதலில் உக்குவது அந்த நுனிதான். பழைய டெக்குகளில் இன்னொரு கவனம் வேண்டும். 2003 முடிவுவரை வீட்டுப் பாவனைக்கு வந்த மருந்துப் பலகைகளில் ஆர்சனிக் இருந்தது. அவற்றை உரஞ்சும்போது தூசிக்கு முகமூடி அணியவேண்டும்; கழற்றிய பலகையை ஒருபோதும் எரிக்கக்கூடாது. பின்னர் வந்த மருந்துகளில் செம்பு கூடுதல். அது சாதாரண ஆணியை விரைவில் கறள் பிடிக்கவைக்கும். எதை மாற்றினாலும் துருப்பிடிக்காத எஃகு ஆணியோ, உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்த தடித்த பூச்சுள்ள ஆணியோ வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் வரும்.

அடிப்பகுதி திருப்தி என்றால் மேலே வரலாம். முதலில் பலகை இடுக்குகளில் அடைந்த இலையும் மண்ணும் ஒரு மெல்லிய கத்தியால் கிளறி எடுக்கப்படவேண்டும். அந்த இடுக்கு தண்ணீர் வடியும் வாய்க்கால். அடைத்தால் சட்டத்தின் தலையில் ஈரம் தங்கும். கழுவுவதற்குச் சலவை பிளீச் வேண்டாம், அது மரநாரையே தாக்கும். சோடியம் பெர்கார்பனேட் உள்ள தூளைக் கரைத்துப் பரப்பி, சிறிது நேரம் ஊறவிட்டு, தும்புத்தடியால் நார் ஓடும் திசையில் தேய்த்தால் பாசி கழன்றுவிடும். அயலில் இரவல் வாங்கும் பிரஷர் வாஷர் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அருகே பிடித்தால் மென்மையான நாரை அது குடைந்தெடுத்துவிடும். பிறகு வெறுங்காலில் சிலாம்பு ஏறும்.

கழுவிய டெக் வெயிலில் இரண்டு மூன்று நாளாவது காயட்டும். பிறகு சில துளி தண்ணீர் தெளியுங்கள். துளி முத்தாக நின்றால் மரம் இன்னும் பூச்சை ஏற்கத் தயாரில்லை, உறிஞ்சினால் தொடங்கலாம். பெயின்ற் போலப் படலம் கட்டுகிற பூச்சைவிட உள்ளே ஊறுகிற எண்ணெய் ஸ்டெயின் நல்லது. படலம் உரியும்போது அதற்கு அடியில் ஈரம் சிக்கும். ஊறியது மெல்ல மங்குமே தவிர உரியாது. நேர்வெயில் விழாத நேரத்தில், 10 பாகைக்கு மேல் சூடுள்ள நாளில், மெல்லிதாகப் பூசி, மிச்சத்தைத் துணியால் துடையுங்கள். அந்தத் துணிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி கராஜில் எறிந்தால், எண்ணெய் காயும்போது எழும் வெப்பம் குவியலுக்குள் தங்கி, நெருப்புக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள தகரத்தில் போடுங்கள்.

இலையுதிர் காலத்து வேலை சிறியது. பூச்சாடிகளையும் ரப்பர் விரிப்புகளையும் எடுத்துவிட்டு இலைகளைக் கூட்டிவிட்டால் போதும். குளிர்காலத்தில் உப்பைத் தூவாதீர்கள், ஆணிகளை அரிக்கும்; வழுக்கினால் மணல் போடலாம். பனியைப் பிளாஸ்ரிக் சவளால், பலகையின் நீளவாக்கில் அள்ளுங்கள். ஒழுங்காகக் கட்டிய டெக் வழக்கமான பனியின் பாரத்தைத் தாங்கும் என்பதால் முழுவதையும் அள்ளி முதுகை நோகவைக்கத் தேவையில்லை. கதவுக்கு முன்னால் வழி விடுங்கள், பிறகு சுவரோரம் குவிந்ததை அகற்றுங்கள். அந்தக் குவியல் கரைந்து இறங்குவது நேரே லெட்ஜருக்குத்தான்.