பூஞ்சணம் பிடித்த தானியமும் ஈரல் நோயும்

கம்பம் பள்ளத்தாக்கில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழை, களத்தில் கிடக்கும் மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் நனைத்துவிடுவதுண்டு. காமயகவுண்டன்பட்டி மிராசுதார்கள் இதை நன்கறிவர். உலராத தானியத்தைக் குவித்து வைத்தால், சில தினங்களில் பசுமஞ்சள் நிறமான பூஞ்சணம் தோன்றும். அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் இப்பூஞ்சணம் உண்டாக்கும் விஷமே அப்ளாடாக்ஸின் எனப்படுவது.

1960-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டன. அவற்றின் தீவனத்திலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதே இவ்விஷம் அறியப்பட்டது. நம் தேசத்தில் 1974-ம் ஆண்டில், குஜராத், ராஜஸ்தான் பகுதிகளில் சுமார் 200 கிராமங்களில், அகால மழையில் நனைந்து கெட்ட மக்காச்சோளத்தை உண்ட 397 பேர் காமாலையும் மகோதரமும் கண்டு வருந்தினர். அவர்களுள் 106 பேர் இறந்தனர். நாய்களுக்கும் அந்நோய் கண்டது.

உண்ட விஷம் குடலிலிருந்து இரத்தத்தின் வழியே ஈரலை அடைகிறது. விஷங்களை மாற்றி வெளியேற்றுவது ஈரலின் தொழில். இங்கோ அத்தொழிலே கேடாக முடிகிறது. ஈரலிலுள்ள என்ஸைம்கள் அப்ளாடாக்ஸினை மாற்றும்பொழுது அதனினும் கொடிய பொருள் உண்டாகி, ஈரல் அணுக்களின் மரபுப் பொருளைப் பற்றிக்கொள்கிறது. மிகுதியாக உண்டால் அணுக்கள் மடிந்து காமாலை காணும். சிறிது சிறிதாகப் பல வருஷம் உண்டால் புற்றுநோய் உண்டாகலாம். ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் தங்கியவர்களுக்கு இவ்வபாயம் பன்மடங்கு அதிகம்.

வேகவைப்பதாலோ வறுப்பதாலோ இவ்விஷம் முற்றும் அழிவதில்லை. உணவுத் தானியத்தில் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாதென்பது சட்டம். அவ்வளவு சொற்பம் கண்ணுக்குப் புலப்படாது. கெட்டதை மாட்டுக்குப் போடலாமென்று எண்ணுவதும் தவறு. கறவை மாடு தின்ற விஷத்தில் ஒரு பகுதி பாலில் இறங்கிக் குழந்தைகளைச் சேர்கிறது.

ஆகையால் குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பறித்த நிலக்கடலைச் செடிகளைக் காய்கள் மேலே இருக்குமாறு கவிழ்த்து உலர்த்த வேண்டும். குலுக்கினால் பருப்பு ஓட்டினுள் சலசலக்க வேண்டும்.

2. சேமிக்கையில் ஈரம் நிலக்கடலையில் 8 சதவிகிதத்திற்கும், மக்காச்சோளத்தில் 12 சதவிகிதத்திற்கும் மேற்படலாகாது.

3. ஓடு உடைக்கும் பொருட்டு நீர் தெளிக்கலாகாது. சுருங்கிய, நிறம் மாறிய பருப்புகளைப் பொறுக்கி நீக்க வேண்டும்.

4. மூட்டைகளைச் சுவரில் சாராமல் மரச்சட்டங்களின்மேல் அடுக்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் மழைக்கு முன் பொதுக்களங்களைச் செப்பனிடச் செய்வது நலம். ஒரு வீட்டில் பலருக்கு ஒரே சமயத்தில் காமாலை கண்டால், ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு உடனே அறிவித்து, அவ்வீட்டுத் தானியத்தையும் காட்டுவது அவசியம்.