பழைய ரிடிம், புதிய குரல்: ஷுகர் மினாட்

ஒரு பாட்டுக்காக வாசித்துப் பதிவு செய்த பின்னணி இசையின் மேல், பத்து ஆண்டு கழித்து வேறொருவர் வேறு பாட்டைப் பாடலாம். அவருக்குப் பின் இன்னும் ஐம்பது பேர் பாடலாம். ஜமைக்காவில் அந்தப் பின்னணி இசைக்கு ‘ரிடிம்’ என்று பெயர். அங்கே பிறந்த டான்ஸ்ஹால் இசையே இந்த வழக்கத்தின் மேல்தான் நிற்கிறது. அதற்கு வழி போட்ட பாடகர்களில் முக்கியமானவர் ஷுகர் மினாட்.

1956 மே 25-ல் கிங்ஸ்டனில் பிறந்தவர். இயற்பெயர் லிங்கன் பாரிங்டன் மினாட். சிறு வயதிலேயே ‘சவுண்ட் சிஸ்டம்’களில் இசைத்தட்டு போடும் வேலைக்குப் போனார். ஆளுயர ஸ்பீக்கர்களைத் தெருவிலும் திடலிலும் அடுக்கி விடிய விடிய ஆட வைக்கும் ஏற்பாடு அது. இசைத்தட்டின் மறுபக்கத்தில் பாடகரின் குரல் இல்லாமல் வாத்திய இசை மட்டும் இருக்கும். அதை ஓடவிட்டு, டீஜேக்கள் மைக்கைப் பிடித்துச் சொற்களை அடுக்குவார்கள். எந்த ரிடிமுக்குக் கூட்டம் எழுந்து ஆடுகிறது என்பது மினாட்டுக்கு அங்கேயே மனப்பாடம்.

டோனி டஃப், டெரிக் ஹோவர்டு ஆகியோருடன் ‘ஆப்பிரிக்கன் பிரதர்ஸ்’ குழுவில் பாடியபின், தயாரிப்பாளர் காக்ஸன் டாட்டின் ‘ஸ்டூடியோ ஒன்’ இசைப்பதிவு நிறுவனத்துக்கு வந்தார். அங்கே 1960-களின் ரிடிம்கள் குவிந்து கிடந்தன. புதிதாக வாத்தியக் குழுவைக் கேட்காமல், பழைய ரிடிம்களின் மேலேயே தன் பாடல்களை எழுதிப் பாடினார் மினாட். 1978-ல் வந்த ‘லிவ் லவ்விங்’ ஆல்பத்தை முதல் டான்ஸ்ஹால் ஆல்பம் என்றே சொல்பவர்கள் உண்டு. ‘ஓ மிஸ்டர் டி.சி.’ பாட்டு, தி டென்னர்ஸ் குழுவின் ‘பிரஷர் அண்ட் ஸ்லைடு’ ரிடிமில் அமைந்தது. கஞ்சா விற்றுப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவன் போலீஸ்காரரிடம் மன்றாடுகிறான். ரிடிம் துள்ள, குரல் கெஞ்சுகிறது. பாட்டின் ருசியே அந்த முரண்தான்.

பழைய ரிடிமில் பாடும் இந்த முறையில் செலவு மிச்சம். அந்த மிச்சத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ரிடிமை முதலில் வாசித்த கலைஞர்கள் பலருக்கு, அது திரும்பத் திரும்ப விற்றபோது பங்கு போய்ச் சேரவில்லை என்ற மனக்குறை ஜமைக்காவில் நெடுங்காலம் இருந்தது.

மினாட் விரைவிலேயே ஸ்டூடியோ ஒன்னை விட்டு விலகி, ‘பிளாக் ரூட்ஸ்’ என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார். 1979-ல் வந்த ‘கெட்டோ-ஆலஜி’ சேரி வாழ்க்கையைப் பாடியது. 1981-ல் அவர் பாடிய ‘குட் திங் கோயிங்’ பிரிட்டிஷ் பட்டியலில் 4-ம் இடம் வரை ஏறியது. மைக்கேல் ஜாக்சன் 1972-ல் ‘பென்’ ஆல்பத்தில் பாடிய காதல் பாட்டின் ரெகே வடிவம் அது. மினாட்டின் பாடல்களில் அத்தனை உயரம் தொட்டது அது ஒன்றுதான்.

அந்த வெற்றிக்குப் பிறகும் அவர் கிங்ஸ்டன் சேரிகளை விடவில்லை. ‘யூத் புரமோஷன்’ என்ற அமைப்பை நடத்தி, வாய்ப்பில்லாத பையன்களுக்கு மைக்கைக் கொடுத்தார். அதற்கென ஒரு சவுண்ட் சிஸ்டமும் வைத்திருந்தார். பிறகு ‘பிளாக் உஹூரு’ குழுவின் முன்னணிப் பாடகரான ஜூனியர் ரீட், ‘ரிங் தி அலார்ம்’ புகழ் டெனர் சா, யாமி போலோ, கார்னெட் சில்க் எல்லோரும் அவரிடம் பழகி வளர்ந்தவர்கள். இவர்களில் டெனர் சா 1988-லும் கார்னெட் சில்க் 1994-லும் இளமையிலேயே இறந்துபோனார்கள்.

1985-ல் வெய்ன் ஸ்மித்தின் ‘அண்டர் மீ ஸ்லெங் டெங்’ வந்தது. சிறிய கேசியோ கீபோர்டில் பிறந்த அந்த ரிடிம், டான்ஸ்ஹாலை மின்னணு இசைக்குத் திருப்பியது. கருவி மாறினாலும் முறை மாறவில்லை; அதே ரிடிமில் பாடகர்கள் வரிசைகட்டிப் பாடினார்கள். மினாட்டும் மாறும் காலத்தோடு ஓடினார். ‘ஸ்லெங் டெங்’குக்கு முந்தைய ஆண்டே, 1984-ல், வந்த அவரது ‘ஹெர்ப்மேன் ஹஸ்லிங்’ அந்தக் காலகட்டத்தின் முக்கியமான பதிவு.

2010 ஜூலை 10-ல், 54 வயதில் கிங்ஸ்டனில் காலமானார். அவரைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ‘குட் திங் கோயிங்’ பாட்டுக்குத்தான் போவார்கள். அது இனிமையான பாட்டு, சந்தேகமில்லை. ஆனால் அவர் யார் என்று காட்டுவது ‘லிவ் லவ்விங்’தான். யாரோ எப்போதோ வாசித்துவிட்டுப் போன இசையைத் தன் பாட்டாக்கிக்கொள்ளும் துணிச்சல் அதில் இருக்கிறது. அந்தத் துணிச்சலைத்தான் அடுத்த தலைமுறைக்கும் பழக்கினார்.