கல்கிசைக் கடற்கரை: மணல் கொட்டுமுன் கேட்க வேண்டியவர்கள்

2020ஆம் ஆண்டு ஏப்ரலில், நாடு ஊரடங்கில் முடங்கிக் கிடந்த வேளையில், கடலடியிலிருந்து உறிஞ்சியெடுத்த மணல் கல்கிசைக் கரையில் கொட்டப்பட்டமை பலருக்கு நினைவிருக்கும். தென்மேல் பருவக்காற்று தொடங்கியதும் அதில் பெருமளவு அலையோடு போயிற்று. மணல் கரைக்கு அண்மையிலேயே நீருக்கடியில் பரவிநின்று அலையின் வேகத்தைத் தணிக்கும் என அதிகாரிகள் விளக்கினர். பொதுப்பணம் கடலில் கரைந்தது என்றனர் சுற்றாடல் ஆர்வலர்கள். இந்த வாதத்தில் ஒரு கேள்வி மறைந்து போயிற்று: அக்கரையை அன்றாடம் பயன்படுத்துவோர் அந்த முடிவில் எங்கே இருந்தார்கள்?

கரைவலை இழுப்போருக்கு நீண்ட, தடையற்ற மணற்பரப்பும் வள்ளம் ஏற்றிவைக்க இடமும் தேவை. உணவகக்காரருக்கோ அதே மணலில் கொட்டிலும் கதிரையும் போட வேண்டும். காலி நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதை அலைக்குத் தப்ப வேண்டுமாயின் கருங்கல் அணை வேண்டும். ஆனால் கல்லணையில் மோதித் திரும்பும் அலை முன்னாலுள்ள மணலை அரித்துச் செல்லும். பெருநாள், பொங்கல் விடுமுறைகளில் பிள்ளைகளோடு வரும் வெள்ளவத்தை, தெஹிவளைக் குடும்பங்களுக்கு வேண்டியது காலாற நடக்கச் சிறிது இடமும் சுத்தமான நீருமே. இவை எல்லாம் நியாயமான தேவைகள். எனினும் புகையிரதத்துக்கு ஒரு திணைக்களம், கடற்றொழிலுக்கு ஒரு திணைக்களம், கட்டடங்களுக்கு நகர அபிவிருத்தி அதிகார சபை, குப்பைக்கு மாநகர சபை என ஒரே கரை பல கோப்புகளில் பிரிந்து கிடக்கின்றது. அலை கோப்பு பார்த்து வருவதில்லை. ஆறுகளில் மணல் அகழ்ந்தால் கரைக்கு வரவேண்டிய மணல் குறையும் என்பதையும் இவர்களுள் ஒருவர் தனித்துத் தீர்க்க முடியாது.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1990களில் ஹிக்கடுவையிலும் ரெக்கவையிலும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் முயற்சியால் விசேட பிரதேச முகாமைத்துவத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. ஹிக்கடுவையில் பவளப்பாறைக்காகக் கண்ணாடிப் படகோட்டிகள், மீனவர், ஹோட்டல்காரர், அதிகாரிகள் ஒரே மேசையில் அமர்ந்தனர். வெளிநாட்டு நிதி நின்ற பின்னர் அந்த வேகம் தளர்ந்தது உண்மையே. கூட்டத்தைக் கூட்டுவது எளிது, ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டிருப்பதே கடினம். ஆயினும் அந்த அனுபவத்தின் பயனாக, 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம் 2011இல் திருத்தப்பட்டபோது 'விசேட முகாமைத்துவப் பிரதேசம்' என்ற ஏற்பாடு சட்டத்தில் இடம்பெற்றது.

கல்கிசைக்கும் அத்தகைய திட்டம் அவசியம் என்பது எமது கருத்து. வலை இழுக்கும் பருவத்தில் எந்தப் பகுதி வெறுமையாக விடப்படும், கொட்டில்கள் எதுவரை வரலாம், அடுத்த முறை மணல் கொட்டுவதாயின் எந்த மாதத்தில் என்பனவெல்லாம் அங்கே பேசித் தீர்மானிக்கத்தக்கவை. தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் செறிந்து வாழும் இப்பகுதியில் அதற்கான அறிவித்தல்கள் தமிழிலும் வெளிவர வேண்டும். பள்ளிவாசல் நிருவாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் தத்தம் பிரதிநிதிகளை அனுப்பப் பிரதேச செயலகத்திடம் இப்போதே எழுத்தில் கோரலாம்.