மோட்டார் சைக்கிள் பந்தயங்களும் அவற்றின் வகுப்புப் பிரிவுகளும்

பந்தயமாவது, பலருடைய திறமையை ஒப்பிட்டுக் காணும் முறையேயாம். ஒப்பிடுதற்குப் பொதுவானதோர் நிலை வேண்டும். தம் கால்களையே துணையாகக் கொண்டோடும் சிறுவரையும் வயதுக்கேற்பப் பிரித்தே நம் பள்ளிகளில் ஓடவிடுகின்றனர். அங்ஙனமாயின், மனிதனும் பொறியும் ஒன்றாய் விரையும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் வென்றது யார்? வீரனா, அவன் ஊர்ந்த வண்டியா, அன்றி அதனை வாங்கிய பணமா? இவ்வினாவிற்கு நேர்மையான விடை காண்டற்பொருட்டே பந்தயச் சங்கத்தார் பலவகை விதிகளை வகுத்தனர்.

முதற்கண் வண்டிகளின் பிரிவை நோக்குவோம். 1907-ஆம் ஆண்டில் மான் தீவில் நிகழ்ந்த முதல் டி.டி. பந்தயத்தில், பெட்ரோல் செலவே வரம்பாக வைக்கப்பட்டது. ஒற்றை உருளை வண்டிகள் காலனுக்கு 90 மைலும், இரட்டை உருளை வண்டிகள் 75 மைலும் ஓடுதல் வேண்டும் என்பது விதி. முன்னதில் மாட்ச்லெஸ் வண்டியூர்ந்த சார்லி காலியரும், பின்னதில் நார்ட்டன் வண்டியூர்ந்த ரெம் பவுலரும் வென்றனர். 1909-இல் எஞ்சினின் கொள்ளளவே அளவுகோலாயிற்று. ஆயினும் 1911-இல் சீனியர் பந்தயத்தில் ஒற்றை உருளைக்கு 500 சி.சி. எனவும், இரட்டை உருளைக்கு 585 சி.சி. எனவும் ஒரு சலுகை இருந்தது. அவ்வாண்டு முதல் மூன்று இடங்களையும் இரட்டை உருளை பூண்ட இந்தியன் என்னும் அமெரிக்க வண்டிகளே கவர்ந்தன. மறு ஆண்டிலேயே அச்சலுகை ஒழிந்து, சீனியருக்கு 500, ஜூனியருக்கு 350 என்னும் பொது வரம்பு ஏற்பட்டது.

இனி, புறப்படும் முறை மூவகைப்படும். யாவரும் ஒருங்கே புறப்படுவது ஒன்று. இதில் கோட்டை முதலில் கடந்தவனே வென்றவன். குறித்த இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராய்ப் புறப்படுவது மற்றொன்று. ஏறக்குறைய 37¾ மைல் நீளமுள்ள மான் தீவு மலைப்பாதையில் இன்று வீரர்கள் 10 விநாடிக்கு ஒருவராக விடப்படுகின்றனர். ஆங்கு முன்னே வந்து சேர்ந்தவன் வென்றவனாகான். குறைந்த நேரத்தில் ஓடி முடித்தவனே வென்றவன்.

மூன்றாவது ஹாண்டிகாப் முறை. 1909-இல் தோன்றிய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் பந்தயச் சங்கத்தார் புரூக்லாந்ஸ் ஓடுதளத்தில் இதனை மிகுதியும் கையாண்டனர். 9 மைல் பந்தயத்தில் மணிக்கு 60 மைல் செல்லும் வண்டிக்கு 9 நிமிஷமும், 90 மைல் செல்லும் வண்டிக்கு 6 நிமிஷமும் ஆகும். எனவே மெல்லிய வண்டியை 3 நிமிஷம் முன்னதாக விட்டால், இரண்டும் ஒருங்கே முடிவை எட்டும். தன் வழக்கமான வேகத்தினும் மிகுதியாக ஓட்டியவன் வெல்வான். ஆயின், முன்னர் வேண்டுமென்றே மெதுவாய் ஓடித் தன் வலிமையை மறைத்தவன் இதிற் பயன்பெறக்கூடும் என்பது இம்முறையின் குறை. கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடுவார்க்கும் அங்கு ஒரு சிறப்பு இருந்தது. அச்சங்கத்தின் பந்தயத்தில் மணிக்கு 100 மைல் வேகத்தில் ஒரு சுற்று முடித்தவர்க்குப் பொன் நட்சத்திரம் வழங்கினர். 1937-இல் வால் ஹாண்ட்லி பி.எஸ்.ஏ. வண்டியில் அதனைப் பெற்றார். பின்னர் அக்கம்பெனியார் தம் புதிய வண்டிக்குக் கோல்டு ஸ்டார் என்றே பெயரிட்டனர்.

கொள்ளளவு ஒன்றாயினும் செல்வமுடையான் விலையுயர்ந்த உறுப்புக்களைப் பூட்டி முந்துதல் கூடுமன்றோ? ஆதலின் இக்காலச் சங்கங்கள் மாற்றங்களையும் வரையறுக்கின்றன. சுசூகி எஸ்.வி. 650 முதலிய எளிய வண்டிகளுக்கென அமைந்த மினிட்வின் வகுப்பு அத்தகையது. வண்டியைப் போலவே ஓட்டுநரும் பிரிக்கப்படுவர். இங்கிலாந்தின் சங்கப் பந்தயங்களில் புதியவர் ஆரஞ்சு நிற மேற்சட்டை அணிதல் வேண்டும். இஃது இழிவுக்குறியன்று, முந்தவரும் மூத்த வீரன் சற்றே விலகிச் செல்க என்னும் எச்சரிக்கை. ஈண்டுப் பிழை நேரின் இழப்பது பரிசன்று, உயிர்.

எவ்வளவு பிரித்தாலும் முற்றிலும் சமநிலை எய்துதல் அரிது. ஆயினும், சிறு வருவாயுடைய தொழிலாளி ஒருவன் தன் கையாற் செப்பஞ்செய்த பழைய வண்டியோடு வந்து, தன்னையொத்தாரோடு பொருதற்கு இடமளிப்பது இப்பிரிவே. ஆகவே, பந்தய முடிவுகளைப் படிக்குங்கால் வென்றவன் பெயரை மட்டும் நோக்காது, அவன் எவ்வகுப்பில், எம்முறையில் வென்றான் என்பதனையும் நோக்குதல் வேண்டும். அப்பொழுதே அவ்வெற்றியின் உண்மை மதிப்பு விளங்கும்.