மினி வண்டியின் புறமூட்டுக்களை நீக்குதல்

இங்கிலாந்திலே பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பொரேஷன் என்னும் நிறுவனத்தார் 1959ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26ஆந் தேதி மினி என்னும் சிறு மோட்டார் வண்டியை வெளியிட்டனர். அலெக் இஸ்ஸிகோனிஸ் என்னும் அறிஞர் வகுத்த அவ்வண்டியின் நீளம் சற்றேறக்குறைய 10 அடியே. இயந்திரத்தைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை இயக்குமாறு செய்தமையால், அச்சிறு கூட்டினுள் நால்வர் அமர இடம் உண்டாயிற்று. இச்சிறப்பினைப் பலரும் எடுத்துரைத்துள்ளனர். அதன் புறத்தே புடைத்து நிற்கும் மூட்டு விளிம்புகளின் காரணத்தை ஆராய்ந்தோர் சிலரே; அவற்றை அறுத்தெறிய விரும்புவோரோ பலர்.

அவ்விளிம்புகள் நான்கு. கதவுகளுக்கு முன்னே பக்கத்திற்கு ஒன்றாக முன்கண்ணாடியின் அடியிலிருந்து கீழிறங்குவன இரண்டு. பின்மூலைகளிலே மேலிருந்து கீழ்வரை செல்வன இரண்டு. கூரையைச் சூழ்ந்த நீர்வாரியும் உண்மையில் இவ்வினத்ததே. இரு தகடுகளின் ஓரங்களை வெளிமுகமாக மடித்துச் சேர்த்து, செப்பு முனைகள் இரண்டிற்கு இடையே அழுத்தி, வலிய மின்னோட்டத்தைக் கணப்பொழுது செலுத்தின், அவ்விடத்து எஃகு உருகி ஒன்றாகும். விளிம்பு வெளியே நிற்குமாயின் அம்முனைகள் இருபுறமும் எளிதிற் சென்று பற்றும், வேலையும் விரைவில் முடியும், விலையும் குறையும். ஆதலின் இவை கவனக் குறைவால் நேர்ந்தனவல்ல. கதவின் கீல்களும் ஆதியிற் புறத்தேதான் இருந்தன. 1969இல் கீல்களை உள்ளே மறைத்த ஆலையார், 2000ஆம் ஆண்டில் உற்பத்தி நின்ற காலம் வரையில் இம்மூட்டுக்களை மாற்றினாரல்லர்.

நிற்க, நீக்கும் முறையை நோக்குவோம். சட்டம் வேறு, உடல் வேறு என்னும் பழைய அமைப்பு இவ்வண்டிக்கு இல்லை. தகட்டுக் கூடே பாரத்தைத் தாங்குவது. விளிம்பிலுள்ள புள்ளிப் பற்றவைப்புக்களே அத்தகடுகளைப் பிணித்துள்ளன. ஆகவே விளிம்பு முழுவதையும் ஒருங்கே அறுப்பாராயின் பிணிப்பும் உடன் அறும், தகடுகள் விலகும், கூடு கோணும், பின்னர்க் கதவுகள் தம் வாயிலிற் பொருந்தா. ஆதலால் முதற்கண் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கதவு வாயில்களில் குறுக்கே முட்டுக்கம்பிகள் வைத்து, இடைவெளிகளை அளந்து குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்பு ஓர் அங்குல அளவு அறுத்து, அவ்விடத்தை உடனே பற்றவைத்து, அதனை அடுத்துச் செல்லாது தொலைவிலுள்ள வேறோரிடத்தில் அவ்வாறே செய்து, அது குளிர்ந்தபின் மீளல் வேண்டும். ஒரே இடத்தைத் தொடர்ந்து காய்ச்சின் மெல்லிய தகடு அலையலையாய் நெளியும். பொறுமையில்லாதார் இவ்வேலையைத் தொடாதிருத்தலே நன்று.

பெட்ரோல் தொட்டி பின்புறச் சாமான் அறையில் இடப்பக்கத்தே, அதாவது பின்மூட்டின் அருகிலேயே உள்ளது. அதனைக் கழற்றி வெகுதூரத்தில் வைத்தபின்னரே நெருப்பை அணுகுக. மின்கலத்தையும் அவ்வாறே அகற்றுக.

பற்றவைப்பு முடிந்தபின் சாணைச் சக்கரத்தால் தேய்க்குங்கால் அளவு கடப்பது பெருந்தவறு. பார்வைக்கு வழவழப்பாய்த் தோன்றும் இடத்திலே பற்றவைத்த உலோகம் தேய்ந்து காகிதம்போல் மெலிந்திருத்தல் கூடும்; அதன்மேல் பூச்சு மாவை அப்பி வர்ணம் பூசிவிடின் குறை மறையுமேயன்றி வலிமை வாராது. பழைய மினி ஒன்றை வாங்குவோர் இதனை நன்கு சோதித்தல் வேண்டும். உட்புறத்தே வெப்பத்தால் வர்ணம் கருகிய இடங்களில் மெழுகு செலுத்தாவிடின், துரு உள்ளிருந்தே தகட்டைத் தின்னும். மூட்டு என்பது அற்ப விஷயமன்று. முதலில் வெளிவந்த மினிகளில் அடித்தகடுகளின் மூட்டு ஒன்று மாறான திசையில் மேற்படிந்திருந்தமையால், சாலை நீர் உள்ளே புகுந்து விரிப்புக்களை நனைத்தது.

நான்கு மூட்டுக்களையும் நீக்கிய வண்டி அழகியதென்பதை மறுப்பாரிலர். கூரை நீர்வாரியையும் நீக்குதல் வேறு காரியம். கூரையும் பக்கங்களும் ஒன்றுபடுவது அங்கேயே. அன்றியும், அதனை இழந்த வண்டியின் கதவை மழைநாளிலே திறப்பின் கூரையில் தங்கிய நீர் நேரே ஆசனத்தின்மேல் வழியும். அதனை மட்டும் விட்டுவைத்தலே தக்கதென்பது எமது அபிப்பிராயம்.