நடையும் எடையும் இருதயமும்

லண்டன் நகரின் மாடிப் பஸ்களில் முன்னாளில் இருவர் பணி புரிந்தனர். டிரைவர் நாள் முழுவதும் அமர்ந்திருந்தார். கண்டக்டரோ சீட்டு வழங்குவதற்காக நாளொன்றுக்குச் சுமார் 600 படிகள் ஏறினார். இவ்விரு வகுப்பினரையும் ஒப்பிட்டு ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவர் குழுவினரும் 1953-ல் ஆய்வு ஒன்றை வெளியிட்டனர். கண்டக்டர்களிடையே மாரடைப்பு குறைவாகவும், வந்தவிடத்தும் கடுமை குறைந்ததாகவும் காணப்பட்டது.

டிரைவர்கள் பருத்தவர்களாயிருந்ததே இதற்குக் காரணமாகலாமன்றோ? இவ்வையத்தைத் தீர்க்கச் சீருடைப் பதிவேடு உதவிற்று. காற்சட்டைகளின் இடுப்பளவை 1956-ல் ஆராய்ந்தபோது, இளம் வயதிலேயே டிரைவர்களின் இடுப்பு பெரிதாயிருந்தது தெரிந்தது. ஆயினும், ஒத்த இடுப்பளவுடையோரைப் பின்னர் ஒப்பிட்டபோதும் திடீர் மரணம் கண்டக்டர்களிடையே குறைவாகவே இருந்தது. ஆகவே, உடலுழைப்பின் பயன் முழுவதையும் எடையைக் கொண்டு விளக்கிவிட முடியாது.

நாள்தோறும் பயிலும் இருதயம் ஒரு துடிப்பில் கூடுதல் இரத்தத்தைச் செலுத்துகிறது. ஓய்வு நேர நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 80-லிருந்து 70 ஆகக் குறைந்தால், ஒரு நாளில் சுமார் 14,000 துடிப்புகள் மிச்சமாகும். இரத்தக் குழாய்களும் எளிதில் விரியும். இவை எடை குறையாதபோதும் நிகழ்வன. எடை குறைவதன் பயன் வேறு: ஒவ்வொரு கிலோவுக்கும் இரத்த அழுத்தம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தணிகிறது, இரத்தத்திலுள்ள சர்க்கரையும் கொழுப்பும் சீர்ப்படுகின்றன.

இந்தியரிடையே மெலிந்த கைகால்களோடு வயிறு மட்டும் பருத்திருப்பது மிகுதி. எனவே களப் பணியாளர் எடைக் கருவியோடு அளவு நாடாவையும் எடுத்துச் செல்லுதல் நலம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால் கவனம் தேவை.

இரண்டு மாதம் நடந்தும் எடை குறையவில்லையென்று பலர் நடையையே நிறுத்திவிடுகின்றனர். பெரிய நஷ்டம் இதுவே. அத்தகையோரிடம் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் இடுப்பளவையும் முன் பதிவுகளோடு ஒப்பிட்டுக் காட்டலாம். பேச முடிந்து, பாட முடியாத வேகத்தில் வாரம் 150 நிமிடம் நடந்தால் போதும். நடக்கையில் மார்பு வலியோ மிகையான மூச்சுத் திணறலோ ஏற்படுவதாகக் கூறுவோரை மட்டும், பயிற்சியை நிறுத்தச் செய்து, தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.